படகின் தடம் பாதியில் நிற்கிறது: பின்னணியில் ஓடும் செயலிகளின் மேல் யாருக்கு அதிகாரம்?

திருக்கடலூரான் எழுதியது:

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடல்தான் தொழில். மாமாவின் ஃபைபர் படகுக்காக அண்ட்ரொய்டில் ஒரு சிறு செயலி எழுதியிருக்கிறேன். இரவில் வலை விடப் புறப்படும்போது பொத்தானை அழுத்திவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடலாம். அது சீரான இடைவெளியில் ஜிபிஎஸ் புள்ளிகளை எடுத்துச் சேமிக்கும். எந்தக் கடலடிப் பாரின் மேல் வலை விட்டோம், நீரோட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் இழுத்தது என்று காலையில் வரைபடத்தில் பார்க்கலாம். இணையம் தேவையில்லை, விளம்பரம் இல்லை, ஒரு புள்ளிகூடப் போனைவிட்டு வெளியே போவதில்லை.

மாமாவின் போனில் விடியும்வரை ஒழுங்காகப் பதிகிறது. மச்சானின் போன் வேறு நிறுவனத்துடையது, அதைவிடப் புதியது, நினைவகமும் கூடுதல். அதில் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பதிவு நின்றுவிடுகிறது. காலையில் கரைக்கு வந்து செயலியைத் திறந்ததும் மீண்டும் தொடங்குகிறது. வரைபடத்தைப் பார்த்தால் திருகோணமலையின் சுவாமிமலைக்கு வடக்கே கடலில் ஒரு புள்ளி, வீட்டு வாசலில் அடுத்த புள்ளி. இரண்டையும் இணைத்து ஒரே நேர்கோடு, படகு வீட்டுக் கூரைகளுக்கு மேலாக வந்ததுபோல. ஓர் இரவின் உழைப்பு அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடுகிறது.

கேட்க வேண்டிய அனுமதிகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். மச்சான் எல்லாவற்றுக்கும் ஆம் என்றே கொடுத்திருக்கிறார். ‘தடம் பதிகிறது’ என்ற அறிவிப்பு மேலே நிரந்தரமாக நிற்கிறது. அப்படியிருந்தும் நிறுத்துகிறது. சொந்தக்காரர் ஓடு என்று சொன்ன செயலியை நிறுத்தும் உரிமையைப் போன் செய்தவருக்கு யார் கொடுத்தது? தொழில்நுட்ப உதவியும் வேண்டும், இந்தக் கேள்விக்கு உங்கள் கருத்தும் வேண்டும்.


உவர்மலை எழுதியது:

தம்பி, முதலில் அண்ட்ரொய்ட் தானாகச் செய்வது எது, போன் நிறுவனம் மேலதிகமாகச் சேர்த்தது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

2008இல் அண்ட்ரொய்ட் வந்தபோது பின்னணிச் சேவை என்பது திறந்த வாசல். எந்தச் செயலியும் விரும்பிய நேரம் எழும், விரும்பியவரை ஓடும். 2015இல் வந்த 6ஆம் பதிப்பில் ‘டோஸ்’ என்ற உறக்கமுறை சேர்ந்தது. மின்னேற்றாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி வேலைகள் ஒத்திவைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு 7ஆம் பதிப்பில் அதன் இலகுவான வடிவம் நடமாட்டத்தில் இருக்கும் போனுக்கும் வந்தது. உங்களுக்கு முக்கியமானது 2017இன் 8ஆம் பதிப்பு. திரையில் இல்லாத செயலியின் சேவை சில நிமிடங்களில் நிறுத்தப்படும், இருப்பிடமும் மணிக்குச் சில தடவைகளே கிடைக்கும் என்று ஆனது. அதிலிருந்து தப்ப முறையான வழி, நீங்கள் செய்திருப்பதுபோல அறிவிப்புடன் ஓடும் முன்னணிச் சேவை.

2023இன் 14ஆம் பதிப்பை இலக்காகக் கொண்டால் அந்தச் சேவை எந்த வகை என்பதையும் அறிவிக்க வேண்டும். உங்களுடையது ‘இருப்பிடம்’ வகை. அதற்கான தனி அனுமதியும் செயலியின் அனுமதிகள் எழுதப்படும் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பயனர் செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தித்தான் பதிவு தொடங்குகிறது என்றால், ‘எப்போதும்’ என்ற பின்னணி இருப்பிட அனுமதியே உங்களுக்குத் தேவையில்லை. ‘பயன்படுத்தும்போது’ என்பது போதும். தேவையற்ற அனுமதியை விட்டுவிட்டால் பிளே ஸ்டோரில் போடும்போதும் அந்த அனுமதிக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் நிற்கிறதென்றால், அது நிறுவனத்தின் சொந்த வேலை. பல நிறுவனங்கள் கூகுளின் விதிகளுக்கு மேல் தங்கள் பற்றரி மேலாளர் ஒன்றை ஏற்றுகின்றன. ‘டோன்ட் கில் மை ஆப்’ என்று ஓர் இணையத்தளம் இருக்கிறது. தூக்கத்தைப் பதியும் செயலி ஒன்றை எழுதும் குழு, இதே துன்பத்தால் அதைத் தொடங்கியது. எந்த நிறுவனத்தின் போனில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று அதில் வரிசையாகப் பார்க்கலாம்.

11ஆம் பதிப்பிலிருந்து, செயலி கடைசியாக ஏன் நின்றது என்ற காரணத்தை அடுத்த முறை திறக்கும்போது அண்ட்ரொய்டிடமே கேட்டுப் பெறலாம். அதை எழுதி வையுங்கள். ஊகத்தில் திருத்த வேண்டாம்.


பாலையூற்றுக் கடை எழுதியது:

போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

என் மேசைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை விலை குறைந்தவை. ‘பற்றரி நிற்கவில்லை, மாற்றித் தாருங்கள்’ என்று கொடுப்பார்கள். நான் உடனே கழற்றுவதில்லை. பற்றரிப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து வாடிக்கையாளருக்கே காட்டுவேன். எப்போதோ நிறுவிய டோர்ச் செயலி, வால்பேப்பர் செயலி, பெயரே புரியாத ‘போன் சுத்திகரிப்பு’ செயலி ஆகியவை மேலே நிற்கும். டோர்ச் செயலிக்கு இருப்பிடம் எதற்கு? பற்றரியில் பழுதே இருக்காது. இரண்டு மூன்று செயலிகளை நீக்கினால் போன் மாலைவரை நிற்கும்.

திருக்கடலூரான் தம்பி நல்ல நோக்கத்தோடு எழுதுகிறார். ஆனால் போனுக்கு நோக்கம் தெரியாது. பின்னணியில் இருப்பிடம் எடுக்கும் ஒரு செயலி என்பதுதான் அதற்குத் தெரியும். திறந்த வாசலாக இருந்த காலத்தில் அதைக் கெடுத்தது யார்? மென்பொருள் எழுதியவர்கள்தான். விளம்பர நிறுவனங்களின் நிரல்துண்டுகளைச் செருகினார்கள், அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பி, பயனருக்குத் தெரியாமல் தரவை அனுப்பின. கட்டுப்பாடு வேண்டாம் என்பவர்கள், கட்டுப்பாடு இல்லாத போனைத் தாயாருக்கோ தாத்தாவுக்கோ கொடுத்துப் பாருங்கள்.


கிண்ணியாக் கரை எழுதியது:

கடைக்காரத் தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதிக்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை.

ஐபோன் வருவதற்கு முன்பே நம் கையில் நோக்கியா இருந்தது. அதன் இயங்குதளமான சிம்பியனில் பல்பணி முதலிலிருந்தே இருந்தது. மெனு விசையை அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் வரிசையாக வரும். ஒருபக்கம் பாட்டு ஓடும், மறுபக்கம் குறுஞ்செய்தி எழுதலாம், இடையில் உலாவியில் பக்கம் இறங்கும். அந்தச் சிறிய நினைவகத்திலேயே இது நடந்தது. ஆகவே வன்பொருள் போதாது, அதனால்தான் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை.

ஆபத்தும் அப்போதே வந்தது. 2004இல் கபீர் என்ற புழு புளூடூத் வழியாகச் சிம்பியன் போன்களில் பரவியது. ஏற்கிறீர்களா என்று கேட்கும், மறுத்தால் மீண்டும் கேட்கும், சலித்துப்போய் ஆம் என்றால் உள்ளே வந்துவிடும். அதன்பின் சிம்பியன் 9இல் செயலிகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது. முக்கியமான வசதிகளைத் தொட வேண்டுமானால் செயலிக்குச் சான்றிதழ் வேண்டும். வீட்டிலிருந்து எழுதுபவருக்குக் கிடைத்த சான்றிதழ் குறிப்பிட்ட ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணுள்ள போனில் மட்டும் வேலை செய்தது. சொந்தப் போனில் ஓட்டலாம், அயலவருக்குக் கொடுக்க முடியாது. என்ன நடந்தது? ஆசையாக எழுதியவர்கள் களைத்துப் போனார்கள், எழுதுபவர்கள் வேறு பக்கம் நகர்ந்தார்கள்.

2009இல் வந்த பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் என்ற இயங்குதளம், ஓடும் செயலிகளை அட்டைகளாகக் காட்டி, வேண்டாததை மேலே தள்ளி மூடும் முறையைக் கொண்டுவந்தது. இன்று எல்லாப் போனிலும் இருக்கும் பழக்கம் அது. எதை ஓட்டுவது, எதை மூடுவது என்பதை அந்த முறை மனிதர் கையில் கொடுத்தது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. தாத்தாவுக்குத் தெரியாது என்பதற்காக மீனவருக்கும் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது.


திருக்கடலூரான் எழுதியது:

நன்றி உவர்மலை அண்ணா. சேவையின் வகையைச் சேர்த்தாகிவிட்டது, ‘எப்போதும்’ அனுமதியை எடுத்துவிட்டேன். மச்சானின் போனை இன்று வாங்கிச் சோதிக்கிறேன். ஐபோன் வைத்திருக்கும் இரண்டொருவரும் கேட்கிறார்கள். அதில் இப்படி ஒன்று எழுத முடியுமா?


அலஸ்தோட்டம் எழுதியது:

ஐபோனுக்குச் செயலி எழுதுவதுதான் என் வேலை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பிளின் பாதை அண்ட்ரொய்டுக்கு நேர் எதிர். அங்கே திறந்து வைத்துப் பிறகு மூடினார்கள். இங்கே மூடி வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். 2007இல் வெளியார் செயலியே கிடையாது. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்தது, ஆனால் திரையை விட்டுப் போன செயலி அங்கேயே முடிந்தது. பின்னணிக்கு மாற்றாக, சேவையகத்திலிருந்து அறிவிப்பை அனுப்பும் வசதியை அந்த ஆண்டு செப்டம்பருக்குத் தருவதாகச் சொன்னார்கள். அது 2009 ஜூனில் ஐபோன் இயங்குதளத்தின் 3ஆம் பதிப்போடுதான் வந்தது. பல்பணி என்று சொல்லத்தக்கது 2010 ஜூனில் அதன் அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 4இல். அதுவும் ஐபோன் 3ஜிக்குக் கிடைக்கவில்லை.

அன்று கொடுத்தது ஏழு சேவைகள். ஒலி, இணையவழி அழைப்பு, இருப்பிடம், இரண்டு வகை அறிவிப்பு, தொடங்கிய வேலையை முடிக்கச் சிறிது அவகாசம், உறைந்த நிலையிலிருந்து விரைவாகத் திரும்புதல். செயலி முழுமையாக ஓடாது. இந்த இந்த வேலைக்கு மட்டும் வாசல் என்று வகுத்துக் கொடுத்தார்கள். 2013இல் ஐஓஎஸ் 7 பின்னணியில் புதிய தரவை எடுத்துவரும் வசதியைச் சேர்த்தது. எப்போது எழுப்புவது என்பதை மட்டும் ஐஓஎஸ்ஸே முடிவு செய்யும். இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

ஆனால் தம்பி, உங்கள் தேவை அந்த ஏழில் ஒன்று. ஆகவே வேலை செய்யும், நம்பிக்கையாகவே செய்யும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, பயணத்தின் வகை. கார், நடை என்பவற்றோடு படகு, ரயில் போன்றவற்றுக்கும் தனி வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதுதான் பெரிய பொறி. ஆள் நகரவில்லை என்று ஐஓஎஸ் கருதினால் இருப்பிடம் எடுப்பதைத் தானாக இடைநிறுத்தும், இந்த அமைப்பு இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கும். வலையை விட்டுவிட்டுப் படகு காத்துக் கிடக்கும் நேரம் உங்களுக்கு மிக முக்கியமானது, நீரோட்டம் தெரிவதே அப்போதுதான். அந்த நேரத்தில் இடைநிறுத்தினால், செயலியைத் திரும்பத் திறக்கும்வரை அது தொடராது. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

எழுத முடியும். அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் கடினம். மேக் கணினி வேண்டும். ஆண்டுக்கு 99 டொலர் கட்ட வேண்டும். கட்டாமல் சொந்தப் போனில் ஏற்றினால் ஏழு நாளில் காலாவதியாகும். கட்டிய பிறகு மற்றவர்களுக்குச் சோதனைப் பதிப்பாகக் கொடுத்தால் 90 நாள். எதில் எழுதுவது என்பதிலும் ஒருகாலத்தில் கை வைத்தார்கள். 2010 ஏப்ரலில், செயலி எழுதுபவர்களுடனான ஒப்பந்தத்தின் 3.3.1 பிரிவை மாற்றி, குறிப்பிட்ட சில மொழிகளில் நேரடியாக எழுதப்பட்ட செயலிகளுக்கே இடம் என்றார்கள். அடோபியின் ஃபிளாஷில் எழுதி ஐபோனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களின் வேலை ஒரே நாளில் வீணானது. எதிர்ப்பு எழுந்ததும் அந்தச் செப்டம்பரில் தளர்த்தினார்கள். செயலிகளை ஸ்டோரில் ஏற்க மறுப்பதற்கான விதிகளை எழுத்தில் வெளியிட்டதும் அப்போதுதான். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், எந்த விதியை மீறினோம் என்றே சரியாகத் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாட்டைவிட அது கொடுமை என்று நான் நினைக்கிறேன்.


மூதூர் மாணவி எழுதியது:

99 டொலரை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் என்னைப் போன்ற மாணவிக்கு அது பல மாதச் செலவு. பிளே ஸ்டோருக்கு ஒரே முறை 25 டொலர். ஸ்டோரே வேண்டாம் என்றால் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். எங்கள் ஊரில் நெல் விலை, மழைக் கணக்கு எழுதி வைக்க நான் செய்த சிறு செயலி அப்படித்தான் கைக்குக் கை போகிறது.

அந்த வழியும் ஒடுங்கப் போகிறது. 2025 ஓகஸ்ட்டில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது. ஸ்டோருக்கு வெளியே இருந்து நிறுவும் செயலியாக இருந்தாலும், எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் உறுதிசெய்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு என்று திட்டம். எதிர்ப்பு வந்த பிறகு, மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் தனிக் கணக்கும், விபரம் தெரிந்த பயனருக்கு எச்சரிக்கையோடு கூடிய வழியும் தருவதாக நவம்பரில் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் வந்ததால் 2024 மார்ச்சில் ஐபோனிலேயே வேறு கடைகளுக்கு இடம் கிடைத்தது. அங்கே சட்டம் கதவைத் திறக்கிறது, இங்கே கேட்க ஆளில்லை என்பதால் மூடிய கதவு மூடியபடியே இருக்கிறது. இது பற்றரிப் பிரச்சினை அல்ல அண்ணாமாரே.


பாலையூற்றுக் கடை எழுதியது:

தங்கச்சி, வட்ஸ்அப்பில் வந்த கோப்பை நிறுவிவிட்டுக் கண்ணீரோடு வருபவர்களையும் நான்தான் பார்க்கிறேன். பார்சல் வந்திருக்கிறது, இதை நிறுவிப் பாருங்கள் என்று வரும். நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கேட்கும். வங்கி அனுப்பும் இரகசிய எண் திரையில் தோன்றும் முன்பே வேறு கைக்குப் போய்விடும். எழுதியவர் யார் என்று ஓர் அடையாளம் இருந்தால் பிடிக்க ஒரு நுனியாவது கிடைக்கும். உங்கள் நெற்கணக்குச் செயலிக்கு நான் எதிரியல்ல, மாணவர் கணக்கு உண்மையில் இலகுவாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள் என்பேன்.


கிண்ணியாக் கரை எழுதியது:

திருடன் பொய் அடையாளத்தோடு வருவான் தம்பி. அடையாளம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பவள் இந்தப் பிள்ளைதான். குறுஞ்செய்தி அனுமதியை இறுக்குங்கள், அது ஆபத்தின் வேர். பிளே ஸ்டோரில் 2018இல் அதைத்தான் செய்தார்கள், நானும் வரவேற்கிறேன். ஆபத்தான வசதிக்குப் பூட்டு என்பது ஒன்று. எழுதுகிற எல்லோருக்கும் அனுமதிச்சீட்டு என்பது வேறொன்று.


திருக்கடலூரான் எழுதியது:

மச்சானின் போனைச் சோதித்ததன் முடிவு இது. நின்ற காரணத்தை உவர்மலை அண்ணா சொன்னபடி கேட்டு எழுதினேன். நினைவகம் போதாமல் நிற்கவில்லை. செயலி விழவும் இல்லை. வெளியிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தது. அமைப்புகளில் தேடினால் மூன்று இடங்கள். பற்றரிப் பக்கத்தில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று ஒன்று, நிறுவனத்தின் சொந்தச் செயலிக்குள் ‘தானாகத் தொடங்குதல்’ பட்டியல், அண்மைச் செயலிகள் திரையில் பூட்டுச் சின்னம். மூன்றையும் மாற்றிய பிறகு விடியும்வரை ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. ஒன்றை விட்டாலும் நிற்கிறது.

இதிலிருந்து என் நிலைப்பாடு தெளிவாகிவிட்டது. கடைக்கார அண்ணா சொன்ன கட்டுப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. கூகுளின் விதி கடினமானது, ஆண்டுக்கு ஆண்டு மாறுவது, ஆனால் எழுத்தில் இருக்கிறது. படித்து அதன்படி எழுதலாம். கூகுளின் பற்றரிக் கட்டுப்பாட்டிலிருந்து தனக்கு விலக்கு இருக்கிறதா என்று செயலியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்பிளின் விதி அதைவிட இறுக்கம், ஆனால் எல்லா ஐபோனிலும் ஒரே மாதிரி நடக்கும். போன் நிறுவனம் மறைவாக ஏற்றிவைத்த தன் சொந்தப் பட்டியலுக்கு எழுத்தில் விதி இல்லை. அதில் என் செயலி இருக்கிறதா என்று கேட்கப் பொதுவான வழியும் இல்லை. மச்சான் ஆம் என்று அழுத்திய அனுமதியை அது சத்தமில்லாமல் இல்லை ஆக்குகிறது. தடம் பதிகிறது என்று நம்பி ஒருவர் இருட்டில் கடலில் இருக்கும்போது அப்படிச் செய்கிறது. நிறுத்த வேண்டுமானால் நிறுத்தட்டும், நிறுத்துகிறேன் என்று சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தட்டும். அதற்கும் கீழே நான் இறங்க மாட்டேன்.

செயலியில் செய்த மாற்றங்கள்: ஒவ்வொரு புள்ளியும் கிடைத்த உடனேயே கோப்பில் எழுதப்படுகிறது. இடைவெளி விழுந்தால் இனி நேர்கோடு வராது, ‘இங்கே பதிவு இல்லை’ என்று காட்டி வெறுமையாக விடும். முதல் முறை திறக்கும்போது அந்தப் போனின் நிறுவனத்துக்கு ஏற்ற அமைப்பு வழிகாட்டி படங்களோடு வரும்.


உவர்மலை எழுதியது:

நல்ல வேலை. இரண்டு குறிப்புகள். ஜிபிஎஸ்ஸுக்குப் போன் சிக்னல் தேவையில்லை என்றாலும், முதல் புள்ளியை விரைவாகப் பிடிக்க வலையமைப்பிலிருந்து வரும் உதவித் தரவு பயன்படும். ஆகவே கரையிலேயே திறந்து, புள்ளி கிடைத்த பிறகு புறப்படச் சொல்லுங்கள். நிறுவனத்தின் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு அந்த மூன்று அமைப்புகளையும் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.


பாலையூற்றுக் கடை எழுதியது:

தம்பி, ஒரு நிபந்தனையோடு என் ஆதரவு உண்டு. கரைக்கு வந்து நிறுத்த மறந்தால் உங்கள் செயலியும் நாள் முழுக்க ஜிபிஎஸ்ஸை எரிக்கும், அந்தப் போன் என் மேசைக்குத்தான் வரும். அதற்கு ஏதாவது செய்திருக்கிறீர்களா?


திருக்கடலூரான் எழுதியது:

செய்திருக்கிறேன் அண்ணா. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அங்கேயே சிறிது நேரம் நின்றால், ‘தடத்தை முடிக்கலாமா’ என்று ஒலியோடு கேட்கும். பதில் வராவிட்டால் சேமித்துவிட்டுத் தானே நிற்கும். அந்த நேரத்தைப் படகுக்காரரே கூட்டவும் குறைக்கவும் முடியும், வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம்.


பாலையூற்றுக் கடை எழுதியது:

அப்படியானால் கோப்பை அனுப்புங்கள். கடையில் திருத்தி முடித்து வைத்திருக்கும் பழைய மாதிரிகளில், சொந்தக்காரர்களிடம் கேட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன். எந்த மாதிரியில் எந்த அமைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.


கிண்ணியாக் கரை எழுதியது:

எனக்கும் அனுப்புங்கள். குடாவுக்குள் இறால் பிடிக்கும் தோணிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், வாடைக்காற்று தொடங்கும் முன் கொடுத்துப் பார்க்கிறேன். அனுமதிச்சீட்டு விடயத்தில் கடைக்காரத் தம்பியோடு என் வாதம் முடியவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், மூதூர்ப் பிள்ளையும் வர வேண்டும்.